‘வலிட்’ என்றால் ‘சரி’யா? வாதத்தை உரசிப் பார்க்கப் புதிதாகப் பழகுவோருக்கு

‘வலிட்’ என்ற ஆங்கிலச் சொல் தெரியாத ஆள் திருகோணமலையில் இருக்க வாய்ப்பில்லை. “தம்பி, இந்தச் சீசன் வலிட் இல்லை, போன மாசத்தோட முடிஞ்சுது” என்று பஸ் கொண்டக்டர் சொல்வார். ரீலோட் போடும்போது டேட்டா எத்தனை நாளைக்கு வலிட் என்று கடைக்காரரிடம் கேட்போம். லைசன்ஸ் வலிட், பாஸ்போர்ட் வலிட், ஃபோனில் பாஸ்வேர்டைப் பிழையாக அடித்தால் இன்வலிட். இதுவரைக்கும் யாருக்கும் சிக்கல் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் தொடங்குகிறது. ஏ.எல். வகுப்பில் ‘அளவையியலும் விஞ்ஞான முறையும்’ என்ற தருக்கப் பாடம் எடுத்த பிள்ளையிடம், “இந்த வாதத்தில் காரணங்கள் எல்லாம் பொய். ஆனால் வாதம் வலிட்” என்று ஆசிரியர் சொல்கிறார். பிள்ளை முழிக்கிறது. ஆங்கில விவாதக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் மரியாதைக்காக எதிரணியைப் பார்த்து ‘வலிட் பொயின்ட்’ என்கிறார். தன் அணி தோற்றுவிட்டதாக ஒப்புக்கொண்டோமோ என்று அப்புறம் பயப்படுகிறார். அலுவலகத்துக்குப் புதிதாகப் போனவருக்கு ‘வலிட் ரீசன்’ காட்டி லீவு கேட்கச் சொல்கிறார்கள். எது வலிட் என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. இந்த மூன்று பேருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன். பக்கத்தில் ஒரு கொப்பியும் பேனையும் இருந்தால் நல்லது, ஏனென்றால் பாதி வேலை எழுதிப் பார்ப்பதில்தான் இருக்கிறது.

முதலில், டிக்கெட்டையும் வாதத்தையும் பிரித்து வையுங்கள்

ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது. டிக்கெட், லைசன்ஸ், காசோலை, ஒப்பந்தம் போன்றவற்றோடு வந்தால் வலிட் என்பது ‘செல்லுபடியாகும்’. காரணத்தோடு வந்தால், அதாவது வலிட் ரீசன், வலிட் எக்ஸ்கியூஸ் என்று வந்தால், ‘ஏற்கத்தக்க’. லீவுக் கடிதத்தில் வருவது இந்த இரண்டாவதுதான். அங்கே தருக்கம் ஒன்றும் இல்லை. உங்கள் அலுவலக விதி எதை ஏற்கிறதோ அது வலிட். காய்ச்சல் வலிட். பத்திரகாளி அம்மன் கோயில் தேர் வலிட்டா இல்லையா என்பதை மேலதிகாரிதான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வேலை வாதத்தோடு. அங்கே சொல்லின் பொருள் மிகவும் ஒடுங்கிவிடுகிறது. இப்படி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: காரணங்கள் எல்லாம் உண்மை என்று வைத்துக்கொண்டால், முடிவு பொய்யாக இருக்கவே முடியாது என்ற நிலை வந்தால், அந்த வாதம் வலிட். நமது பாடப் புத்தகங்கள் இதை ‘வாய்ப்பான வாதம்’ என்றும், அப்படி இல்லாததை ‘வாய்ப்பற்ற வாதம்’ என்றும் சொல்கின்றன. வேலைவாய்ப்பில் வருகிற வாய்ப்பு அல்ல இது. அந்தக் குழப்பத்தாலேயே பல பிள்ளைகள் முதல் பாடத்தில் வழுக்குகிறார்கள்.

இந்த வரையறையில் ‘வைத்துக்கொண்டால்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். காரணங்கள் நிஜமாகவே உண்மையா என்று வலிட் கேட்பதில்லை. காரணத்துக்கும் முடிவுக்கும் இடையிலுள்ள பிடிப்பை மட்டும்தான் அது பார்க்கிறது. குழாயில் ஒழுக்கு இல்லை என்பது ஒன்று, தொட்டியில் இருப்பது நல்ல தண்ணீர் என்பது இன்னொன்று. கடலோரக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

லத்தீனில் ‘வலேரே’ என்றால் வலுவாக இருத்தல். அதிலிருந்துதான் வலிட் வந்தது. வேல்யூ என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். தமிழின் ‘வலு’வோடு ஒலி ஒத்திருப்பது தற்செயல். ஆனாலும் நினைவில் வைக்க உதவும் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

அடுத்து, வாதத்தை உரித்து எழுதுங்கள்

வாதம் என்றால் சண்டை அல்ல. ஒரு முடிவும், அதைத் தாங்கும் காரணங்களும் சேர்ந்ததுதான் வாதம். காரணத்தை ‘எடுகூற்று’ என்கிறோம்; ஆங்கிலத்தில் பிரெமிஸ். ஒருவர் சொன்னதையோ எழுதியதையோ எடுத்து, எடுகூற்றுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, கோடு போட்டு, கீழே முடிவை எழுதுங்கள். இதைச் செய்யாமல் வலிட், இன்வலிட் என்று பேசுவது காற்றில் வீடு கட்டுவதுதான்.

எது முடிவு, எது எடுகூற்று என்று கண்டுபிடிக்கச் சில சொற்கள் கைகொடுக்கும். ஆகவே, எனவே, அதனால்தான் என்பவற்றுக்குப் பின்னால் வருவது முடிவு. ஏனென்றால் என்பதற்குப் பின்னால் வருவது காரணம். ஆங்கிலத்தில் தெயர்ஃபோர், சோ, ஹென்ஸ் என்பவை முடிவுக்கு. பிகோஸ், சின்ஸ் என்பவை காரணத்துக்கு. இதில் சின்ஸ் கொஞ்சம் வில்லங்கமானது. ‘அப்போதிலிருந்து’ என்ற காலப் பொருளிலும் வரும், ‘ஆனபடியால்’ என்ற காரணப் பொருளிலும் வரும். பார்த்துப் பிரிக்க வேண்டும்.

நம் பேச்சில் இந்தச் சொற்கள் எதுவுமே இல்லாமலும் வாதம் ஓடும். “அவன் கடலுக்குப் போறவன் தானே, நீந்தத் தெரியும்” என்கிறோம். இந்தத் ‘தானே’ ஒரு காரணத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறது. உரித்து எழுதினால் இப்படி வரும்.

அவன் கடலுக்குப் போகிறவன்.
ஆகவே, அவனுக்கு நீந்தத் தெரியும்.

நடுவே ஏதோ குறைகிறது அல்லவா? ‘கடலுக்குப் போகிற எல்லாருக்கும் நீந்தத் தெரியும்’ என்ற எடுகூற்று சொல்லப்படாமல் ஒளிந்திருக்கிறது. அதை வெளியே இழுத்து எழுதினால்தான் வாதம் வலிட் ஆகும். எழுதிய பிறகுதான், அது உண்மையா என்ற கேள்வியும் வரும். நீந்தத் தெரியாமலே காலம் முழுக்கத் தொழில் செய்தவர்களை எந்தக் கடற்கரையிலும் கேட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்று. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் பிரெட்ரிக் கோட்டை வாசலைக் கடக்கும்போது, “பிரெட்ரிக் என்பது இங்கிலீஷ்காரன் பெயர், அப்ப இங்கிலீஷ்காரன் கட்டின கோட்டை” என்று யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒளிந்திருக்கும் எடுகூற்றை வெளியே எடுங்கள்: ‘ஒரு கோட்டை யாருடைய பெயரில் இருக்கிறதோ, அவர்களே அதைக் கட்டியவர்கள்.’ இப்படி எழுதியவுடனேயே ஓட்டை தெரிந்துவிடும். கோட்டையை முதலில், 17ஆம் நூற்றாண்டில், கட்டியது போர்த்துக்கீசர். பிறகு ஒல்லாந்தர் கைக்குப் போய், கடைசியில் பிரித்தானியரிடம் வந்து, அவர்கள் 1803இல் யோர்க் கோமகன் பிரெட்ரிக்கின் பெயரை வைத்தார்கள். வைத்த பெயரை வைத்துக் கட்டியவரைக் கண்டுபிடிக்க முடியாது.

ஒளிந்திருக்கும் எடுகூற்றை வெளியே எடுக்கும் இந்தப் பழக்கம் மட்டும் வந்துவிட்டால் பாதித் தூரம் வந்துவிட்டீர்கள் என்பேன். பழைய தமிழ்த் தருக்கத்திலும் இதற்கு இடம் உண்டு. ‘இந்த மலையில் நெருப்பு உண்டு’ என்பது பக்கம்; ‘புகை தெரிவதால்’ என்பது ஏது; ‘அடுக்களையைப் போல’ என்பது திட்டாந்தம். புகை உள்ள இடத்தில் நெருப்பு இருக்கும் என்ற பொதுவிதியை அடுக்களைதான் சபைக்குக் கொண்டுவருகிறது. வெறும் ஏதுவோடு நிறுத்தக் கூடாது என்பது அப்போதே தெரிந்திருக்கிறது.

மூன்றாவது, ‘வைத்துக்கொண்டால்’ சோதனை

உரித்து எழுதிய பிறகு ஒரேயொரு கேள்வி: எடுகூற்றுகள் எல்லாம் உண்மையாக இருந்து, முடிவு மட்டும் பொய்யாக இருக்கும்படி ஒரு நிலைமையைக் கற்பனை செய்ய முடியுமா? முடிந்தால் இன்வலிட். முடியவே முடியாது என்றால் வலிட்.

மான் எல்லாம் காட்டில்தான் வாழும்.
கோட்டைக்குள் மேய்வது மான்.
ஆகவே, கோட்டைக்குள் மேய்வது காட்டில் வாழ்கிறது.

திருகோணமலைக்காரர் யாருக்கும் இதைப் படித்தவுடன் சிரிப்பு வரும். கோட்டைக்குள்ளும் ஊருக்குள்ளும் மான் திரிவதை நாம் தினமும் பார்க்கிறோம். ஆனால் கேள்வி அது இல்லை. மான் எல்லாம் காட்டில்தான் வாழும் என்று வைத்துக்கொண்டால், அது மானும்தான் என்று வைத்துக்கொண்டால், முடிவிலிருந்து தப்ப வழி இல்லை. ஆகவே வாதம் வலிட். முதல் எடுகூற்றுத்தான் பொய்.

இன்னும் வேடிக்கையான ஒன்று.

எல்லா மீனும் குட்டிக்குப் பால் கொடுக்கும்.
திமிங்கிலம் ஒரு மீன்.
ஆகவே, திமிங்கிலம் குட்டிக்குப் பால் கொடுக்கும்.

இரண்டு எடுகூற்றும் பொய். மீன் பால் கொடுப்பதில்லை, திமிங்கிலம் மீனும் இல்லை. முடிவோ உண்மை. வாதம் வலிட்! இதில் தலை சுற்றினால் ஒன்றும் குறைவில்லை, எல்லாருக்கும் சுற்றும். பொய்யான காரணத்திலிருந்து ஒழுங்கான வழியில் நடந்து, தற்செயலாக உண்மையில் போய் விழுந்திருக்கிறோம். வலிட் என்பது நடந்த வழிக்குக் கொடுக்கும் சான்றிதழ் மட்டும்தான்.

நான்காவது, பெயரை மாற்றிப் பார்க்கும் சோதனை

எல்லாக் கூற்றும் உண்மையாக இருக்கும்போதுதான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். உண்மையை மட்டுமே பேசுகிற ஆள் பிழையாக வாதிடமாட்டார் என்று மனம் நினைத்துவிடுகிறது.

திருகோணமலையில் உள்ள கோயில்கள் எல்லாம் கிழக்கு மாகாணத்தில் உள்ளவை.
கோணேசர் கோயில் கிழக்கு மாகாணத்தில் உள்ளது.
ஆகவே, கோணேசர் கோயில் திருகோணமலையில் உள்ளது.

மூன்றும் உண்மை. யாரும் மறுக்கமாட்டார்கள். இப்போது கோணேசர் கோயிலை அடித்துவிட்டு, அந்த இடத்தில் மாமாங்கேஸ்வரர் கோயில் என்று எழுதுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். முதல் கூற்று உண்மை. மாமாங்கேஸ்வரர் கோயில் கிழக்கு மாகாணத்தில் உள்ளது, அதுவும் உண்மை. முடிவு? மாமாங்கேஸ்வரரைத் திருகோணமலைக்குத் தூக்கிக்கொண்டு வந்தால் மட்டக்களப்பார் சும்மா விடமாட்டார்கள். அதே சட்டகம், அதாவது வாதத்தின் அதே வடிவம், உண்மையான எடுகூற்றுகள், பொய்யான முடிவு. ஆகவே சட்டகமே பிழை. கோணேசரை வைத்து எழுதியபோதும் வாதம் இன்வலிட்தான். முடிவு உண்மையாக இருந்தது வாதத்தின் புண்ணியத்தால் அல்ல.

பரீட்சைக்குப் படிப்பவர்கள் இதை நடுப்பதம் வியாத்தி அடையாத போலி என்ற பெயரில் படிப்பார்கள். மற்றவர்களுக்குப் பெயர் தேவையில்லை, சோதனை போதும். விவாத மேடையில் இதைப் போல் பயன்படும் கருவி வேறு இல்லை. எதிரணி சொன்னதை அப்படியே எடுத்து, ஒரு பெயரை மட்டும் மாற்றி, எல்லாருக்கும் தெரிந்த பொய்யில் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். சபை சிரிக்கும், நடுவரும் குறித்துக்கொள்வார். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மாற்றி எழுதும்போது எடுகூற்றுகள் உண்மையாகவே இருக்க வேண்டும். அங்கே வழுக்கினால் சிரிப்பு உங்கள் பக்கம் திரும்பும்.

ஐந்தாவது, இப்போதுதான் ‘உண்மையா?’

வலிட் என்று உறுதியான பிறகு எடுகூற்றுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். வாதம் வலிட்டாகவும் இருந்து, எடுகூற்றுகள் எல்லாம் உண்மையாகவும் இருந்தால், அதற்கு ஆங்கிலத்தில் ‘சவுண்ட்’ என்று பெயர். நம் ஊரில் சவுண்ட் என்றால் சத்தம். இது வேறு சவுண்ட். பழைய ஆங்கிலத்தில் ‘ஆரோக்கியமான’ என்ற பொருளில் இருந்த சொல்லிலிருந்து வந்தது. சேஃப் அண்ட் சவுண்ட் என்று சொல்வதும், நல்ல தூக்கத்தை சவுண்ட் ஸ்லீப் என்பதும் இந்தச் சொல்தான். கத்திப் பேசினால் சவுண்ட் ஆர்கியுமென்ட் ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் இரண்டு சொல்லையும் ஒன்றாக்கிவிட்டார்கள் போலும்.

கன்னியாவை எடுங்கள். “வெந்நீரூற்று இருந்தால் பக்கத்தில் எரிமலை இருக்கும். கன்னியாவில் வெந்நீரூற்று இருக்கிறது. ஆகவே பக்கத்தில் எரிமலை இருக்கிறது.” வைத்துக்கொண்டால் சோதனையில் இது தாராளமாகத் தேறும். வலிட். ஆனால் முதல் எடுகூற்று பொய். மழைநீர் நிலத்தின் வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள சூட்டில் சூடாகித் திரும்ப மேலே வந்தாலும் வெந்நீரூற்று உண்டாகும். இலங்கையில் எரிமலை கிடையாது, ஆனாலும் கன்னியா போல் பல வெந்நீரூற்றுகள் இருக்கின்றன. ஆகவே இந்த வாதம் வலிட், ஆனால் சவுண்ட் இல்லை. ஆங்கிலத்தில் இதைச் சொல்லும் வசனம்: “தி ஆர்கியுமென்ட் இஸ் வலிட், பட் இட் இஸ் நொட் சவுண்ட், பிகோஸ் தி ஃபர்ஸ்ட் பிரெமிஸ் இஸ் ஃபோல்ஸ்.” இதை வாய்ப்பாடாக்கி வையுங்கள், அளவையியல் வகுப்பிலும் மேடையிலும் கைகொடுக்கும்.

ஆறாவது, உலகத்தில் பெரும்பாலான வாதங்கள் வலிட் இல்லை

இங்கேதான் பல வழிகாட்டிகள் பாதியில் நிறுத்திவிட்டுப் போய்விடுகின்றன. வலிட் இல்லாதது எல்லாம் குப்பை என்று புதியவர் முடிவு கட்டிவிடுகிறார். அப்புறம் வீட்டில் அம்மா சொல்வதையெல்லாம் ‘இன்வலிட்’ என்று சொல்லித் திட்டு வாங்குகிறார்.

“ஒவ்வொரு வருடமும் நவம்பரில் மழை பெய்திருக்கிறது. ஆகவே வரும் நவம்பரிலும் பெய்யும்.” சோதித்துப் பாருங்கள். இதுவரை எல்லா வருடமும் பெய்து, வருகிற வருடம் பெய்யாமல் போவதைக் கற்பனை செய்ய முடியும். ஆகவே கண்டிப்பாகச் சொன்னால் இன்வலிட். ஆனால் இந்த மாரி மழையை நம்பித்தான் மூதூரிலும் கந்தளாயிலும் பெரும்போகம் விதைக்கிறார்கள். இந்த வாதத்தை இன்வலிட் என்று ஒதுக்குகிறவருக்குச் சோறு கிடைக்காது. இது வேறு சாதி வாதம்: தொகுத்தறி வாதம். முடிவு கட்டாயம் உண்மை என்று இது சொல்வதில்லை. உண்மையாக இருக்கும் சாத்தியம் மிக அதிகம் என்கிறது. இப்படிப்பட்ட வாதத்துக்கு வலிட் என்ற அளவுகோலைப் பிடிக்கக் கூடாது. பலமானதா பலவீனமானதா என்று கேட்க வேண்டும். பலமாகவும் இருந்து, எடுகூற்றுகள் உண்மையாகவும் இருந்தால், ஆங்கிலத் தருக்க நூல்கள் ‘கோஜன்ட்’ என்கின்றன. லத்தீனில் ஒன்றுசேர்த்து ஓட்டுவது, கட்டாயப்படுத்துவது என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. கேட்டவர் மனம் வேறு பக்கம் போக முடியாதபடி செய்யும் வாதம்.

பலவீனமானது எப்படி இருக்கும்? “மாமா போன கிழமை படகில் போய்த் திமிங்கிலம் பார்த்தார். ஆகவே இந்தக் கிழமை நாம் போனாலும் பார்ப்போம்.” ஒரு பயணம், ஒரு மாமா. பலப்படுத்த என்ன செய்யலாம்? பல பயணங்கள் வேண்டும், வேறு வேறு மாதங்களில். எல்லாவற்றுக்கும் மேலாக, போய்ப் பார்க்காமல் திரும்பி வந்தவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். பார்த்தவர்கள்தான் படம் போடுகிறார்கள். வெறும் கடலைப் படம் எடுத்து யார் போடுவார்கள்? கண்ணில் படும் சான்றுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், மறு பக்கத்துச் சான்று எங்கே போனது என்று கேளுங்கள். தொகுத்தறி வாதத்தில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

ஏழாவது, முழுசாக ஒன்று செய்து பார்ப்போம்

விவாதத் தலைப்பு ஒன்றை எடுப்போம்: புறாத்தீவுக்கு ஒரு நாளில் போகும் ஆட்களின் எண்ணிக்கையை மட்டுப்படுத்த வேண்டும். புதிதாகச் சேர்ந்த பேச்சாளர் எழுதும் முதல் பிரதி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “புறாத்தீவு அழகான இடம். அழகான இடங்களைப் பாதுகாக்க வேண்டும். ஆகவே ஆட்களை மட்டுப்படுத்த வேண்டும்.”

இரண்டு எடுகூற்றையும் எதிரணியே ஏற்றுக்கொள்ளும். ஏற்றுக்கொண்டு, “பாதுகாப்போம், ஆனால் ஆட்களை மட்டுப்படுத்தாமல்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும். இந்த எடுகூற்றுகளிலிருந்து வருவது ‘புறாத்தீவைப் பாதுகாக்க வேண்டும்’ என்பது மட்டுமே. அதற்கு மேல் ஒரு அடிகூட வராது. இன்வலிட்.

இரண்டாவது பிரதியில் சரக்கைச் சேர்க்கலாம். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் இந்தத் தீவு 2003இல் தேசிய பூங்காவானது. வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. அங்குள்ள பவளம் உயிருள்ளது. கால் பட்டாலும் துடுப்பு பட்டாலும் உடையும். கட்டிப்பவளம் வளர்வது வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான், உடைந்தது திரும்ப வர ஒரு தலைமுறை ஆகலாம். ஆட்கள் கூடக்கூட மிதிபடுவதும் கூடும், ஒவ்வொருவரையும் கண்காணிக்கவும் முடியாது. ஆகவே எண்ணிக்கையை மட்டுப்படுத்த வேண்டும்.

இப்போது எவ்வளவோ மேல். ஆனால் எழுதி, கோடு போட்டுப் பாருங்கள். இன்னும் ஒரு எடுகூற்று ஒளிந்திருக்கிறது: ‘மட்டுப்படுத்துவதைத் தவிர்த்த வேறு வழிகள் போதாது.’ நல்ல எதிரணி இங்கேதான் வந்து நிற்கும். ஆழமில்லாத இடத்தில் இறங்குவதைத் தடை செய்யலாமே, நீந்தத் தெரியாதவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் கட்டாயமாக்கலாமே, படகுக்கு ஒரு வழிகாட்டி வைக்கலாமே என்று அடுக்கும். ஆகவே உங்கள் நேரத்தில் பெரும் பங்கை இந்த எடுகூற்றுக்கு ஒதுக்குங்கள். பவளம் அழகு, பவளம் உடையும் என்பதற்கே ஐந்து நிமிடத்தையும் செலவழித்தால், யாரும் மறுக்காததை நிரூபித்துவிட்டு இறங்கியவர் ஆவீர்கள். இந்த எடுகூற்றைச் சேர்த்தாலும் வாதம் சட்டகக் கணக்கில் வலிட் ஆக இன்னும் ஒன்றிரண்டு சேர்க்க வேண்டும். மேடையில் அவ்வளவு தேவையில்லை. கோஜன்ட் ஆனால் போதும்.

கடைசியாக, வாயில் வரும்போதும் எழுதும்போதும்

வலிட் என்பதில் முதல் அசையை அழுத்த வேண்டும். வலிடிட்டி என்று பெயர்ச்சொல் ஆகும்போது அழுத்தம் இரண்டாவது அசைக்கு, அந்த ‘லி’க்கு, போய்விடும். தொடக்கத்து ஒலிக்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். நம் ‘வ’ அவ்வளவு உரசாது. இன்வலிட் என்பதில் ஒரு பொறி இருக்கிறது. ‘வ’வை அழுத்தினால் செல்லாதது, ‘இன்’னை அழுத்தினால் நீண்ட கால நோயாளி. எழுத்து இரண்டுக்கும் ஒன்றுதான்.

எதிர்ப்பதம் இன்வலிட். ‘அன்வலிட்’ என்று ஒரு சொல் கிடையாது. சவுண்டுக்கு எதிர்ப்பதம் மட்டும் அன்சவுண்ட். வினையாக்கினால் வலிடேட், செல்லாததாக்கினால் இன்வலிடேட். கோஜன்ட்டின் பெயர்ச்சொல் கோஜன்சி. அது பெரும்பாலும் ஆர்கியுமென்ட், ரீசன், கேஸ் என்ற சொற்களோடுதான் சேரும். டிக்கெட்டை யாரும் கோஜன்ட் என்று சொல்வதில்லை.

‘வலிட் ஃபெக்ட்’ என்று எழுதாதீர்கள். ஒரு தகவல் உண்மையாக இருக்கும் அல்லது பொய்யாக இருக்கும். வலிட்டாக இருப்பது வாதம். ‘வெரி வலிட்’, ‘மோர் வலிட்’ என்று பேச்சில் கேட்கலாம், ஆனால் தருக்கத்தில் வலிட்டுக்குக் கூடக் குறைய இல்லை. ஓட்டை இருக்கிறது அல்லது இல்லை, அவ்வளவுதான். பலத்தில்தான் ஏற்ற இறக்கம் உண்டு.

அப்புறம் அந்த ‘வலிட் பொயின்ட்’. அன்றாட ஆங்கிலத்தில் அது ‘நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது’ என்று பொருள் தரும். காரணமும் பொருத்தம், விஷயமும் உண்மை என்று இரண்டையும் சேர்த்து ஒப்புக்கொள்வது. அது பிழையான ஆங்கிலம் இல்லை. ஆனால் மேடையில் எதிரணியைப் பார்த்து அப்படிச் சொன்னால் ஒரு படி இறங்கியதாகவே எடுத்துக்கொள்வார்கள். மரியாதை மட்டும்தான் நோக்கம் என்றால் ‘ஐ அண்டர்ஸ்டாண்ட் யுவர் பொயின்ட்’ என்று சொல்லிவிட்டு மேலே போங்கள். இப்போதைய பிள்ளைகள் நல்ல சட்டை, நல்ல சாப்பாடு, மனவருத்தம் எல்லாவற்றையும் ‘வலிட்’ என்கிறார்கள். அது பேச்சு வழக்கு. அங்கே போய்ச் சட்டகம் தேடினால் நண்பர்கள் குறைவார்கள்.

கையோடு மூன்றைச் செய்து பாருங்கள். ஒன்று: “இலங்கையில் பெரிய துறைமுகம் உள்ள ஊர்கள் எல்லாம் கடலோர ஊர்கள். திருகோணமலை கடலோர ஊர். ஆகவே திருகோணமலையில் பெரிய துறைமுகம் உண்டு.” இரண்டு: “இந்த இடத்தில் பாலம் போட்டால் பாதைக்கு வேலை இருக்காது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். ஆகவே அங்கே ஓடிய பாதைக்கு வேலை இல்லாமல் போனது.” பாதை என்றால் வாகனத்தோடு ஆட்களை அக்கரைக்குக் கொண்டுபோகும் மிதவைதான், வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன். மூன்று: “உப்புவெளியில் அக்கா கதைத்த சுற்றுலாப் பயணிகள் மூன்று பேரும் மீன் விலை அதிகம் என்றார்கள். ஆகவே வருகிற எல்லாப் பயணிகளும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.”

முதலாவது இன்வலிட், திருகோணமலை இருந்த இடத்தில் நிலாவெளியை வைத்தால் தெரிந்துவிடும். இரண்டாவது வலிட், சவுண்டா என்பதை அந்தப் பாதையில் சைக்கிளோடு காத்து நின்ற பெரியவர்கள் யாரையாவது கேளுங்கள். மூன்றாவது பலவீனமான தொகுத்தறி வாதம். அதை இன்வலிட் என்று எழுதி நிறுத்திவிடாமல், அக்கா இன்னும் எத்தனை பேரை, எந்த எந்த மாதங்களில், எந்த மாதிரிக் கடைகளில் கேட்க வேண்டும் என்று பக்கத்தில் எழுதி வையுங்கள்.